ஐரோப்பாவின் ஸ்பா நகரங்கள்: வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் உள்ள 11 ஸ்பா நகரங்களை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெல்ஜியத்தின் ஸ்பா, இங்கிலாந்தின் பாத், செக் நாட்டின் கார்லோவி வாரி, பிரான்சின் விஷி, ஜெர்மனியின் பாடன்-பாடன், பாட் எம்ஸ் எல்லாம் அதில் அடங்கும். இந்த ஊர்களின் கதையில் எனக்கு நீண்ட நாளாக ஈடுபாடு உண்டு. பயணக் கட்டுரையிலும் காணொளியிலும் அதே சில பிழைகள் கைமாறிக் கைமாறி வருவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை. அதற்காகத்தான் இது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'சாலுஸ் பெர் அக்வாம்', அதாவது 'நீரால் நலம்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள்தான் 'ஸ்பா' என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பிற்காலத்தில் யாரோ பொருத்திவிட்ட விளக்கம். சொல் வந்தது பெல்ஜியத்து ஊரின் பெயரிலிருந்து. ஆர்டென் மலைக்காட்டுப் பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் நீரைக் குடிக்க 16ஆம் நூற்றாண்டிலேயே வெளிநாட்டவர் வந்து போனார்கள். யார்க்‌ஷயரின் ஹாரோகேட்டில் அதே மாதிரி இரும்புச் சுவையுள்ள நீர் கிடைத்தபோது, ஆங்கிலேயர் அதை 'இங்கிலீஷ் ஸ்பா' என்றார்கள். அப்படியே ஊர்ப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. ரஷ்யாவின் மகா பீட்டர் 1717இல் வந்து நீர் குடித்துவிட்டுப் போனார். ஊரின் முக்கிய ஊற்று இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகத்துக்கே இந்தச் சொல்லைக் கொடுத்த ஊற்றின் நீர் சில்லென்று இருக்கும். இரும்புச்சத்தும் கரிவாயுவும் (கார்பன் டை ஆக்சைடு) கலந்த குடிநீர் அது. 'ஸ்பா என்றால் வெந்நீர்க் குளியல்' என்று நினைத்துக்கொண்டு இந்த வரலாற்றுக்குள் போனால் முதல் படியிலேயே வழி தவறிவிடும்.

என் கணக்கில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். ஓர் ஊரைப் பற்றிப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, 'இந்த ஊர் நீர் எப்படிப்பட்டது, அதை என்ன செய்தார்கள்?' என்பது. கார்லோவி வாரியின் பெரிய ஊற்றான வ்ர்ஷீட்லோவில் நீர் சுமார் 73 டிகிரி சூட்டில் பீறிட்டு, 12 மீட்டர் உயரம்வரை எழும்புகிறது. அதில் கிளாபர் உப்பு இருப்பதால் வயிற்றை இளக்கும். அதே செக் நாட்டின் மரியான்ஸ்கே லாஸ்னேயில் இருப்பவை கரிவாயு கலந்த குளிர்ந்த ஊற்றுகள். விஷியின் நீரில் சோடியம் பைகார்பனேட் அதிகம். வயிற்றுப் புளிப்புக்கென்று பேர் வாங்கியது. பாத் நகரில் முதலில் குளியல்தான். குடிப்பது பிறகு சேர்ந்துகொண்டது. 'தென்னகத்தின் ஸ்பா' என்று குற்றாலத்தைச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாது. குற்றாலத்தில் தலையில் விழுவது மலையில் பெய்த மழை. இந்த ஊர்களில் வருவது பாறை இடுக்குகளில் நெடுங்காலம் கிடந்து, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் நீர்.

கார்லோவி வாரியில் குடிப்பதற்கென்றே தனிக் குவளை உண்டு. தட்டையான பீங்கான் குவளை. அதன் கைப்பிடி உள்ளே துளையுள்ளது. அதன் மேல்முனை சின்ன மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். சூடான உப்புநீரை மடமடவென்று குடிக்க முடியாது. பல்லிலும் அதிகம் படாது. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டு, தூண்களுக்கு நடுவே நடக்க வேண்டும். யோசேஃப் ஸீத்தெக் வடிவமைத்து 1881இல் முடிந்த மில் கொலனேட் என்ற நீண்ட தூண் மண்டபம் அழகுக்காக மட்டும் எழுந்த கட்டடம் என்று நினைத்தால், அதன் பாதிக் கதை போய்விடும். மழையிலும் வெயிலிலும் குடித்துக்கொண்டே நடப்பதற்கான கூரை அது.

இந்தப் பழக்கமும் ஆதிகாலத்தது கிடையாது. ஒரு காலத்தில் இதே ஊரில் நோயாளிகள் தோல் வெடித்துப் புண்ணாகும்வரை மணிக்கணக்காக வெந்நீரில் கிடந்தார்கள். 1522இல் வாஸ்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த நீரைப் பற்றிய முதல் நூலை எழுதி, குளித்தால் போதாது, குடிக்கவும் வேண்டும் என்றார். பிறகு குடிப்பதும் எல்லை மீறிப் போனது. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற மருத்துவர் நீரைப் பகுத்தாய்ந்து, அளவைக் குறைத்து, ஊற்றடியிலேயே குடியுங்கள், குடித்துவிட்டு நடங்கள் என்று முறைப்படுத்தினார். ஆக, 'பல நூற்றாண்டுகளாக மாறாமல் வரும் மரபு' என்ற வரியை இந்த ஊர்களைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

ரோமானியர் விஷயத்துக்கு வருவோம். எல்லா ஸ்பா நகரங்களுக்கும் ரோம்தான் தாய் என்பது அடுத்த பெரிய பிழை. பாத், பாடன்-பாடன், வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் ஆகியவற்றுக்கு ரோமானியத் தொடர்பு உண்டு. கார்லோவி வாரி 14ஆம் நூற்றாண்டில் பேரரசர் நான்காம் கார்ல் காலத்து ஊர். 1370இல் நகர உரிமை பெற்றது. வேட்டை நாய் வெந்நீரில் விழுந்து ஊற்றைக் காட்டிக்கொடுத்தது என்பது கதை. மரியான்ஸ்கே லாஸ்னே 1818இல்தான் ஸ்பாவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் டெப்லா மடத்துக்குச் சொந்தமான சதுப்பு நிலம் அது.

ரோமானியத் தொடர்புள்ள இடத்திலும் கண்ணால் பார்ப்பதை அப்படியே நம்பக் கூடாது. பாத் நகரின் பெரிய குளத்தருகே நின்று பாருங்கள். பச்சை நீர், சுற்றிலும் தூண்கள், மேலே ரோமானியப் பேரரசர்களின் சிலைகள். எடுக்கிற படமெல்லாம் இதுதான். அந்தச் சிலைகளும் மேல்தளமும் விக்டோரியா காலத்தவை; 1897இல் திறக்கப்பட்டவை. தூண்களின் அடிப்பகுதிக்கு மேலே பார்க்கிற கல்லெல்லாம் ஏறக்குறைய 19ஆம் நூற்றாண்டு வேலைதான். ரோமானியக் காலத்தில் குளத்துக்கு மேல் கூரை இருந்தது. கூரை போய் வெயில் படுவதால்தான் பாசி பிடித்து நீர் பச்சையாகத் தெரிகிறது. அசல் ரோமானிய வேலை காலுக்குக் கீழே இருக்கிறது: குளத்தின் அடியில் விரித்த ஈயத் தகடுகள். அவை இன்னும் நீர் கசியாமல் பிடித்து வைத்திருக்கின்றன. 46 டிகிரி சூட்டில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் ஊறிக்கொண்டிருக்கும் அந்த நீருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே முகத்தில் ஆவி அடிக்கும்.

அந்தக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. 1978இல் இந்த ஊர் ஸ்பா நீச்சல்குளத்தில் நீந்திய ஒரு சிறுமி, நீரில் இருந்த அமீபாவால் மூளைக் காய்ச்சல் வந்து இறந்தாள். பொதுக் குளியல் நின்றுபோனது. ஆழ்துளையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீரோடு புதிய குளியலகம் திறக்க 2006 ஆகிவிட்டது. 'இயற்கை நீர்தானே, என்ன செய்யும்' என்ற பேச்சை இங்கே விட்டுவிட வேண்டும்.

பணக்காரர்கள் பொழுதுபோக்கப் போன இடங்கள் என்று மட்டும் எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பாத் நகரில் நாட்டியமும் நாகரிகமும் கொடிகட்டிப் பறந்த அதே காலத்தில், 1742இல், ஏழைகளுக்கென்று கனிமநீர் மருத்துவமனை ஒன்று திறந்தது. வெளியூர் ஏழைகளுக்கான இடம் அது. வரும்போதே ஒரு தொகையை வைப்பாகக் கட்ட வேண்டும். குணமானால் ஊர் திரும்ப. இறந்தால் அடக்கம் செய்ய. அந்த ஒரு விதியைப் படித்தால் போதும், கை கால் விளங்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி எந்த நிலையில் வந்து இறங்கியிருப்பான் என்று தெரிந்துவிடும்.

அந்த நோயாளிகளில் பலருக்கு ஈய நஞ்சால் வந்த வாதம். வண்ணம் பூசுபவர்கள், குழாய் வேலை செய்பவர்கள் அதில் அதிகம். 'அக்காலத்து வைத்தியமெல்லாம் வெறும் நம்பிக்கை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும். 1980களில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் ஆட்களைக் கழுத்தளவு நீரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நீரின் அழுத்தத்தால் சிறுநீர் அதிகம் பிரிகிறது. அதோடு ஈயமும் கூடுதலாக வெளியேறுகிறது. பாத் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் குணமானதாக எழுதியிருந்ததற்குப் பொருள் இருந்தது. வாரக்கணக்கில் குளியல், நல்ல சாப்பாடு, ஈய வேலையிலிருந்து ஓய்வு. மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. அதற்காக மறுபக்கம் சாய்ந்து, எல்லா நீரும் எல்லா நோயையும் தீர்த்தது என்று எழுதிவிடவும் கூடாது. ரேடியம் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது செக் நாட்டு யாகிமோவ் சுரங்கத் தாதுவிலிருந்து. கதிரியக்கம் உடம்புக்கு நல்லது என்ற உற்சாகத்தில் 1906இலேயே அங்கே கதிரியக்க நீர்க் குளியலும் வந்துவிட்டது.

இந்த மாளிகைகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதே இல்லை. ஜெர்மன் ஊர்களில் பெரும் பங்கு சூதாட்ட வருமானம். பாரிசில் சூதாட்ட விடுதிகளை மூடியதும் 1838இல் ழாக் பெனாசே பாடன்-பாடனுக்கு வந்து, காசினோவை எடுத்து நடத்தினார். 1872 முடிவோடு ஜெர்மனி முழுவதும் சூதாட்டம் தடையானது. தடை வரும் என்று முன்பே தெரிந்திருந்த பாடன்-பாடன், 1869இலேயே ஒரு பெரிய குளியல் மாளிகையைக் கட்டத் தொடங்கி 1877இல் திறந்தது. அதுதான் ஃப்ரீட்ரிஷ்பாட். சூதாட்டம் போன பிறகும் ஊர் பிழைத்திருக்க வேண்டும் என்ற கவலையில் எழுந்த கட்டடம்.

அரசியலை விட்டுவிட்டு இந்த ஊர்களைப் பற்றி எழுதவே முடியாது. ஜெர்மன் நாடுகளின் பத்திரிகைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கடிவாளம் போட்ட 1819 தீர்மானங்கள் கார்ல்ஸ்பாடில், அதாவது கார்லோவி வாரியில், உருவானவை. 1870 ஜூலை 13 காலையில், பாட் எம்ஸ் ஆற்றோர நடைபாதையில் உலாவிக்கொண்டிருந்த பிரஷ்ய மன்னரைப் பிரெஞ்சுத் தூதர் வழிமறித்துப் பேசினார். அதைப் பற்றிய தந்தியைப் பிரஷ்ய முதலமைச்சர் பிஸ்மார்க் சுருக்கித் திருத்தி வெளியிட, ஆறே நாளில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். 1940இல் தோற்றுப்போன பிரெஞ்சு அரசு விஷிக்கு இடம்பெயர்ந்ததற்குக் காரணம் நீர் இல்லை. அத்தனை அமைச்சகங்களும் தங்க ஹோட்டல் அறைகளும் நல்ல தொலைபேசி வசதியும் அங்கே இருந்தன. ஜூலை 10 அன்று காசினோவின் ஓபரா அரங்கில் 569க்கு 80 என்ற வாக்கில் மார்ஷல் பெத்தானுக்கு முழு அதிகாரம் கொடுக்கப்பட்டது. நாடக மேடைக்கு முன்னால் ஒரு குடியரசு முடிந்தது.

அப்புறம், சானடோரியத்தையும் ஸ்பாவையும் ஒன்றாகக் கலப்பது. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போன்ற மலை ஊர்கள் காசநோய்க்கானவை. அங்கே மருந்து குளிர்ந்த காற்றும் ஓய்வும் சாப்பாடும்; கனிம நீருக்கு வேலை இல்லை. நம் தாம்பரம் சானடோரியம் அந்த வழியில் வந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கியது அது. மூன்றாவது கிளை ஒன்றும் உண்டு. இன்று செக் நாட்டில் இருக்கும் சிலேசியப் பகுதியின் கிராஃபென்பெர்க்கில் விவசாயி மகன் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் சாதாரணக் குளிர்நீரையே மருந்தாக்கினார். கனிமம் எதுவும் அதில் தேவைப்படவில்லை.

பழைய விருந்தினர் பட்டியல்களைப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர் பெயர், ஊர், தொழில் எல்லாம் அச்சிட்டு வெளியிட்டார்கள். அருமையான ஆவணம்தான், ஆனால் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று எடுக்கக் கூடாது. கல்லீரல் தொல்லைக்காக 1874இல் கார்ல்ஸ்பாட் வந்த கார்ல் மார்க்ஸ், போலீஸ் கண்ணில் படாமல் இருக்க, 'சார்லஸ் மார்க்ஸ், சொந்த வருமானத்தில் வாழ்பவர்' என்று பதிந்துகொண்டார். மரியன்பாடில் (மரியான்ஸ்கே லாஸ்னே) தங்கிய 'லங்காஸ்டர் பிரபு' பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுதான்.

கடைசியாக, ஊர்ப்பெயர்கள். கார்லோவி வாரியும் கார்ல்ஸ்பாடும் ஒரே ஊர். மரியான்ஸ்கே லாஸ்னேதான் மரியன்பாட். இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று கடந்துவிட வேண்டாம். 1921இலும் 1923இலும் உலக சியோனிச (யூதர்களுக்குத் தாயகம் கோரிய இயக்கம்) மாநாடுகள் நடக்கும் அளவுக்கு கார்ல்ஸ்பாடில் யூத விருந்தினர்களும் யூதக் குடும்பங்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெரிய தொழுகைக் கூடம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டது. 1945க்குப் பிறகு ஊரின் ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊற்றுகள் அதே இடத்தில் இருந்தன. வீடுகளில் இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். ஆகவே 1945க்கு முந்தைய கடிதமோ பட்டியலோ தேடினால் ஜெர்மன் பெயரில் தேடுங்கள். எழுதும்போது எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த ஆண்டில் அந்தத் தெருவில் நடந்தவர்கள் சொன்ன பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.