நொதித்தல் வழிச் சிலந்திப் பட்டு: முதலீட்டுக்கு முன் கணக்கிடும் முறை

தஞ்சாவூர்ப் பகுதிச் சர்க்கரை ஆலைகளின் மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகு) சிலந்திப் பட்டின் மரபணு புகுத்திய நுண்ணுயிர்களை வளர்த்துச் சிலந்திப் பட்டுப் புரதம் தயாரிக்க எண்ணுவோர், மூலப்பொருளின் விலையைவிட, ஒரு லிட்டர் நொதிக்கரைசலில் எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்பதையே முதலில் அளக்க வேண்டும். ஏனெனில் காற்றூட்டல், கிருமிநீக்கம், டெல்டாவின் வெப்பத்தில் கூடுதலாகும் குளிரூட்டல் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் கரைசலின் அளவைப் பொறுத்தே ஏறுகிறது. நுண்ணுயிர் புரதத்தைத் தன் செல்லுக்குள்ளேயே தேக்கினால், செல்லை உடைத்துத் தூய்மையாக்கும் செலவையும் சேர்க்கவும். இழையாக நூற்பதற்காகப் புரதத்தைக் கரைக்கும் கரைப்பான் எவ்வளவு மீட்கப்படுகிறது என்பதைத் தனியே எழுதவும்.

கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடுவது நெல் வயல்களுக்குச் செய்யும் கொடுமை. அதிலிருந்து மீத்தேன் எடுத்துக் கொதிகலனுக்குத் தந்தால் எரிபொருட்செலவும் குறையும். இயற்கைச் சிலந்தி இழை நனைந்தால் பெரிதும் சுருங்கும் என்பதால், திருபுவனம் நெசவாளர்களிடம் மாதிரி நூலைத் தருமுன் அதை நனைத்து அளந்து பார்க்கவும்.