"செம புக், படிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்

"படிக்கவோ பார்க்கவோ நல்லதா ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டதுமே நமக்குப் பிடித்த பத்துத் தலைப்புகளை மடமடவென்று அடுக்கிவிடுகிறோம். கேட்டவர் அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாது என்பது ஒரு பக்கம், அந்தப் பட்டியல் அவருக்காகப் போட்டதல்ல, நம் ரசனையைக் காட்டிக்கொள்ளப் போட்டது என்று அவருக்கே புரிந்துவிடும் என்பது இன்னொரு பக்கம். ஒன்று சொல்லுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு முன்னால், சமீபத்தில் எதைப் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டுவிடுங்கள். எது பிடிக்கும் என்று கேட்டால் பலரும் கௌரவமான பெயர்களாகத்தான் சொல்வார்கள், விட்டது எது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

அடுத்தது, முடிவைப் போட்டு உடைப்பது. கதையைச் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க, யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்பதும் கதையைச் சொல்வதுதான் என்பது நிறையப் பேருக்கு உறைப்பதில்லை. அப்படிக் கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தவர் முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டு போவார், கதைக்குள் போகவே மாட்டார். முடிவு முன்பே தெரிந்தாலும் ரசனை குறைவதில்லை, கொஞ்சம் கூடவே செய்கிறது என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது உண்மைதான். அது சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வு. எப்படியானாலும், தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்யட்டும், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

டிவி தொடர் என்றால் நேரக் கணக்கைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தப்பு. 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடு, கிட்டத்தட்ட 50 மணி நேரம். 'செர்னோபில்' வெறும் 5 எபிசோடு. கொரியத் தொடர்கள் நிறைய 16 எபிசோடில் கதையை முடித்துவிடும். மூன்றையும் ஒரே மூச்சில் "சூப்பர், பாருங்க" என்று சொன்னால் என்ன அர்த்தம்? அதிலும் "முதல் சீசன் கொஞ்சம் இழுக்கும், அப்புறம் சூடு பிடிக்கும்" என்கிறவர்கள், ஏழெட்டு மணி நேரம் பொறுமையாக இருங்கள் என்றுதான் சொல்கிறார்கள், அதை அப்படியே மணிக்கணக்கில் சொல்லிவிட்டால் நேர்மையாக இருக்கும். முடியாத கதையா என்பதும் முக்கியம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2019இல் முடிந்துவிட்டது, அதன் மூல நாவல் வரிசையோ 2011இல் வந்த ஐந்தாவது புத்தகத்தோடு நிற்கிறது. ஆயிரக்கணக்கான பக்கம் படித்துவிட்டு முடிவே இல்லை என்று தெரிந்தால் பரிந்துரைத்தவர் மேல்தான் கோபம் வரும்.

"அருமை", "வேற லெவல்", "கண்டிப்பா படிக்கணும்" என்பதில் எந்தத் தகவலும் இல்லை. "மெதுவாகப் போகும், முதல் நூறு பக்கம் அண்ணன் தம்பி சொத்துத் தகராறுதான், சிரிக்க ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வது அப்படியே காதில் விழும்" என்று சொல்லிப் பாருங்கள், வேண்டாம் என்கிறவர் அங்கேயே விலகிவிடுவார், வேண்டும் என்கிறவர் இன்றைக்கே எடுப்பார். குறையைச் சேர்த்துச் சொன்னால்தான் புகழ்ச்சியையும் நம்புவார்கள். வன்முறை, தற்கொலை மாதிரி விஷயங்கள் வந்தால் அதையும் ஒரு வரி சொல்லிவிடலாம், யாருக்கு, எப்போது என்பதெல்லாம் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் யார் மொழிபெயர்த்தது, முழுப் பதிப்பா சுருக்கமா என்று சொல்லுங்கள். அதே நாவல் ஒருவர் கையில் ஓடும், இன்னொருவர் கையில் நொண்டும்.

சொன்ன பிறகு நச்சரிப்பவர்களும் இருக்கிறார்கள். "ஆரம்பிச்சாச்சா? எந்த இடத்துல இருக்கீங்க?" என்று ரெண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டால் படிப்பது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் "உங்களுக்குப் புரியல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எந்த இடத்தில் சலித்தது என்று கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த தடவை சரியான புத்தகமாகச் சொல்லலாம்.