செவ்வியல் திரைப்படங்களை வட்டுகளாகச் சேர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிமுறை

பிடித்த பழைய படம் ஒன்றைத் தேடி, கண்ணில் முதலில் பட்ட வட்டை வாங்கிவிடுவது புதிதாகச் சேர்க்கத் தொடங்குவோர் பலரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். புகழ்பெற்ற செவ்வியல் படம் ஒன்று ஐந்தாறு நிறுவனங்களின் வெளியீடாகவும், ஐந்தாறு தரங்களிலும், சில சமயம் வெவ்வேறு நீளங்களிலும் கூடக் கிடைக்கும். அவற்றுள் எது வேண்டும் என்று தெரிந்து எடுப்பதே சேகரிப்பு என்பதால், இவ்விளக்கத்தின் பெரும்பகுதி பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பற்றியது.

இணையத்தில் சந்தா கட்டியே பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய படங்களையும் கலைப் படங்களையும் தருவதற்கென்றே 2016இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ்ட்ரக் என்ற சேவை 2018 நவம்பரில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த படங்களை வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதல் படி: சிறிய பட்டியல்

உலக சினிமா முழுவதையும் சேர்க்க யாராலும் முடியாது. ஓர் இயக்குநர், ஒரு நாடு அல்லது ஒரு காலகட்டம் என்று எல்லையை வகுத்துக்கொண்டு, மறுபடியும் பார்ப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த பத்துப் படங்களை மட்டும் எழுதுங்கள். ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றும் படம், எவ்வளவு பெரிய பெயர் பெற்றதாயினும், இப்பட்டியலில் வேண்டாம்.

இரண்டாம் படி: இயக்கும் கருவியும் மண்டலப் பூட்டும்

வட்டு வாங்குமுன் கருவியைப் பாருங்கள். ஒரு மண்டலத்துக்கென்று வெளியிட்ட வட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாது; இதுவே மண்டலப் பூட்டு. டிவிடிகளுக்காக உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4, இந்தியாவும் ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் 5, சீனா 6. ப்ளூ-ரேயில் மூன்றே மண்டலங்கள். அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பானும் கொரியாவும் தென்கிழக்கு ஆசியாவும் ஏ. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியா, சீனா, ரஷ்யா ஆகியவை சி. இங்கே கவனிக்க வேண்டியது, டிவிடியில் ஒரே மண்டலமாக இருந்த ஜப்பானும் ஐரோப்பாவும் ப்ளூ-ரேயில் பிரிந்துவிட்டன என்பது.

4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் 4கே பெட்டிக்குள் உடன் வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். கூடுதல் நேர்காணல்களும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வட்டில்தான் இருக்கும்.

ஆகவே, எல்லா மண்டலங்களையும் இயக்கும் கருவி ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. டிவிடிப் பூட்டைப் பல கருவிகளில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே நீக்கிவிடலாம். ப்ளூ-ரேப் பூட்டு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. கணினியில் பார்க்கலாம் என்று எண்ணினால், டிவிடி இயக்கிகளில் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதையும், ஐந்தாவது முறைக்குப் பிறகு அது அப்படியே நிலைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: எந்த வடிவம்

டிவிடியில் ஒரு படச்சட்டம் 480 அல்லது 576 வரிகளைக் கொண்டது. ப்ளூ-ரேயில் 1080, 4கே வட்டில் 2160. எண் பெரிதானால் படம் நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மைதான். தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த 4கே வட்டைவிட, மூல நெகட்டிவிலிருந்து, அதாவது படமெடுத்தபோது கேமராவில் ஓடிய சுருளிலிருந்து, கவனமாக எடுத்த ப்ளூ-ரே எவ்வளவோ மேல். நடுத்தர அளவுத் திரையில் பார்ப்பவர் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ப்ளூ-ரேயோடு நின்றுவிடலாம். டிவிடியையும் ஒதுக்காதீர்கள், அதைத் தாண்டி எந்த வடிவத்திலும் வெளிவராத படங்கள் ஏராளம்.

டிவிடியில் ஒரு நுட்பம் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டங்களைக் கொண்டது. அதற்காகப் படத்தையே நூற்றுக்கு நான்கு அளவு வேகமாக ஓட்டிப் பதிவு செய்வார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும்; தொனியைத் திருத்தாத பதிப்பில் குரல்களும் சற்றே கீச்சென்று ஒலிக்கும். இது தெரியாதவர்கள் நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று பதறுவார்கள். ப்ளூ-ரே 24 சட்டங்களாகவே ஓடக்கூடியது என்பதால், அதில் நீளம் குறைந்திருந்தால் காரணத்தை விசாரிக்கத்தான் வேண்டும்.

நான்காம் படி: பின்னட்டையைப் படித்தல்

ஒரு வட்டைப் பற்றித் தெரிய வேண்டியவற்றுள் முக்கால் பங்கு அதன் பின்னட்டையில், மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கதைச்சுருக்கத்தை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்துகளுக்குப் போங்கள்.

முதலில் பட விகிதம், அதாவது சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ஒலி வந்த பின் 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான படங்கள் 1.37:1 என்ற, சதுரத்துக்குச் சற்றே அகன்ற சட்டத்தில் எடுக்கப்பட்டவை. 1953இலிருந்து அகலத்திரை பரவியது: ஐரோப்பாவில் 1.66, அமெரிக்காவில் 1.85, சினிமாஸ்கோப்பில் ஏறத்தாழ 2.35. 1940களின் படம் ஒன்றின் பின்னட்டையில் 1.78 அல்லது 16:9 என்று மட்டும் இருந்தால், அந்த வட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தொலைக்காட்சித் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளின் படங்களில் மட்டும் வல்லுநர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 1954இல் வந்த ‘ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தை கிரைட்டீரியன் நிறுவனம் 2013இல் வெளியிட்டபோது மூன்று வெவ்வேறு விகிதங்களில் கொடுத்தது.

அடுத்தது, படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. ‘டிஜிட்டல் முறையில் மெருகூட்டப்பட்டது’ என்ற வாசகத்துக்குப் பொருள் ஏதும் இல்லை. ‘மூல நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்’ என்பதோ, இன்ன ஆவணக்காப்பகம் இன்ன ஆண்டில் மீட்டெடுத்தது என்பதோ இருந்தால்தான் அது தகவல். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கக்கூடும் என்பதற்கு சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களே சான்று. 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் அவற்றின் மூல நெகட்டிவ்கள் கருகின. எஞ்சிய சுருள்களை ஆஸ்கர் அகாடமியின் ஆவணக்காப்பகம் காத்து வைத்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள ஆய்வகத்தில் அந்தச் சுருள்களை ஈரமூட்டி நெகிழ வைத்துச் செப்பனிட்டு, உதவாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015இல் மீட்டெடுத்த படங்களைத் திரையிட்டார்கள். அதற்கு முன் வந்த வட்டுகளையும் பின் வந்தவற்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

மூன்றாவதாக, ஓடும் நேரம். பேசாப்படங்களில் இதற்கு முக்கியத்துவம் மிக அதிகம். 1927இன் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் தொலைந்துபோன பகுதிகள் 2008இல் புவனஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தன, ஏறத்தாழ 25 நிமிடம் சேர்ந்த வடிவம் 2010இல் வந்தது. அதற்கு முந்தைய வட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கால்மணி நேரத்துக்கும் மேலான காட்சிகளை இழந்துவிடுவீர்கள். பேசாப்படங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் எடுக்கப்பட்டவையும் அல்ல. டென்மார்க் இயக்குநர் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் பேசாப்படத்துக்கு நொடிக்கு 20 சட்டங்கள், 24 சட்டங்கள் என்ற இரு வேகங்களையும் ஒரே பெட்டியில் தரும் பதிப்புகள் உள்ளன.

கடைசியாக மொழி. மூல மொழி ஒலித்தடம் இருக்கிறதா, சப்டைட்டில் உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா, அது நீக்கக்கூடியதா அல்லது படத்தின் மேலேயே பதிந்ததா என்று பாருங்கள். தன் நாட்டுப் பார்வையாளரை மட்டுமே மனத்தில் கொண்டு வெளியிடும் நிறுவனங்களின் அழகான வட்டுகளில் பிரெஞ்சோ ஜப்பானியமோ தவிர வேறு வரியே இராது.

ஐந்தாம் படி: பதிப்புகளை ஒப்பிடுதல்

டிவிடி பீவர் போன்ற தளங்கள் ஒரே காட்சியின் சட்டத்தை வெவ்வேறு வட்டுகளிலிருந்து எடுத்து அருகருகே காட்டுகின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். முகத்தை முதலில் பார்க்காதீர்கள். கம்பளிச் சட்டை, செங்கல் சுவர், காதோரத் தலைமுடி ஆகியவற்றைப் பாருங்கள். படச்சுருளில் எடுத்த எந்தப் படத்திலும் மெல்லிய பொடித்துகள் அசைந்துகொண்டே இருக்கும். படச்சுருளின் இயல்பு அது, அழுக்கு அன்று. அதைக் குறை என்று கருதி மென்பொருளால் துடைத்துவிட்டால், துகளோடு கம்பளியின் இழையும் போய்விடும். அதன் பிறகு முகத்தைப் பாருங்கள்: கன்னத்தின் சுருக்கங்கள் மறைந்து மெழுகுப் பொம்மை போல் இருக்கும். பொருள்களின் ஓரத்தில் வெண்ணிறக் கோடு தென்பட்டால், செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

புதிய பதிப்பே சிறந்தது என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வர வேண்டாம். வோங் கார்-வாயின் படங்கள் 2021இல் கிரைட்டீரியனின் தொகுப்பாக வந்தபோது, இயக்குநரே முன்னின்று நிறங்களை மாற்றினார். ஒரு படத்தின் சட்டத்தையும் அகலமாக்கினார். அது அவருடைய உரிமை. எனினும் திரையரங்கில் பார்த்த நிறத்தை விரும்புபவர்கள் பழைய வட்டுகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

நிறுவனங்களின் பெயர்களும் போகப்போகப் பழகிவிடும். கிரைட்டீரியன் 1984இல், டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர்டிஸ்க்கில் தொடங்கியது. படத்தோடு ஓடும் விளக்கவுரைத் தடத்தை அறிமுகப்படுத்தியதும் அதுவே. பிரிட்டனில் யுரேகாவின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வரிசையும், பிஎஃப்ஐ என்ற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் வெளியீடுகளும், நடு ஐரோப்பியப் படங்களுக்கு செகண்ட் ரன்னும் நம்பத்தக்கவை. இவற்றுள் சில தம் வட்டுகளின் முதுகில் வரிசை எண் அச்சிடுகின்றன. விட்டுப்போன எண்ணை நிரப்புவதற்காகப் பிடிக்காத படத்தை வாங்கும் நோய் இந்த வழியில்தான் தொற்றும்.

ஆறாம் படி: வட்டு கைக்கு வந்ததும்

உறையைப் பிரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்டு வார்த்த டிவிடி வெள்ளி நிறத்திலோ மங்கிய பொன்னிறத்திலோ இருக்கும். ஊதா நிறச் சாயல் தெரிந்தால் அது வார்க்கப்படாமல், வெற்று வட்டில் லேசரால் பதிவு செய்யப்பட்டது. அதிலுள்ள சாயம் காலப்போக்கில் சிதைவதால் அதன் ஆயுள் குறைவு. பயன்படுத்திய வட்டை வாங்கினால் விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளை போல் ஒளி கசிந்தால் உலோகப் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சி ஒன்றில் நிறுத்தி ஒவ்வொரு சட்டமாக நகர்த்துங்கள். ஒரு சட்டத்துக்குள் ஒரே கை இரண்டாக ஆவி போல் மங்கித் தெரிந்தால், ஒரு தொலைக்காட்சி முறையிலிருந்து இன்னொன்றுக்கு அரைகுறையாக மாற்றப்பட்ட பிரதி அது.

முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நான் வாங்கிய ஒரு வட்டை உறை பிரிக்காமல் ஓராண்டு அடுக்கில் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்த இரவில் கடைசி இருபது நிமிடம் உறைந்து நின்றது. திருப்பிக் கொடுக்கும் காலம் எப்போதோ முடிந்திருந்தது.

பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சியில் இரண்டு மாற்றங்கள் போதும்: அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, கூர்மையைக் குறைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே இவை நடந்துவிடும்.

ஏழாம் படி: காப்பதும் பதிவதும்

வட்டுகளைப் புத்தகம் போல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். துடைக்க நேர்ந்தால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஒட்டியே போவதால், கருவியிலுள்ள பிழைதிருத்தும் ஏற்பாட்டால் அதைச் சமாளிக்க முடியாது. டிவிடியில் தகவல் படலம் 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் 0.1 மி.மீ. ஆழத்தில்தான். மேலே கடினப் பூச்சு இருந்தாலும் ப்ளூ-ரேயை மேசைமேல் வெறுமனே வைக்காதீர்கள்.

பதிவேட்டில் மூல மொழித் தலைப்பு, ஆண்டு, இயக்குநர், வெளியீட்டாளர், வட்டு வந்த ஆண்டு, மண்டலம், விகிதம், நீளம் ஆகியவற்றுக்குப் பத்திகள் இருக்கட்டும். மூலத் தலைப்பை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1948இல் வந்த, இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் படம் ஒரு நாட்டில் ‘சைக்கிள் திருடன்’ என்று ஒருமையிலும் இன்னொரு நாட்டில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்று பன்மையிலும் விற்கப்பட்டது. நான் அதை இரண்டு முறை வாங்கினேன். வாங்கிய நாளுக்கு ஒரு பத்தியும், பார்த்த நாளுக்கு அதன் பக்கத்திலேயே இன்னொரு பத்தியும் போட்டு வையுங்கள். இரண்டாவது பத்தியில் பத்து வரிகள் வெறுமையாகிவிட்டால், அவை நிரம்பும் வரை நான் புதிதாக எதையும் வாங்குவதில்லை.