ஐ வந்தால் சற்று நின்று பாருங்கள்

மெய்ப்புத் திருத்தும் வேலையில் எனக்கு 26 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது ஐ என்ற ஒரே ஓர் எழுத்தைத்தான். உயிர் வரிசையில் ஒன்பதாவது. ஒரு பக்கத்தில் எத்தனையோ இடங்களில் வரும். எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்யாது. அந்தந்த இடத்தில் அதன் வேலை என்ன என்று பிடிபட்டுவிட்டால், பாதிப் பிழைகள் தாமாகவே கண்ணில் படும்.

'புலி கொன்ற யானை' என்று ஒரு தாளில் எழுதுங்கள். செத்தது புலியா, யானையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இப்போது 'புலியைக் கொன்ற யானை' என்று எழுதுங்கள். யானை பிழைத்துவிட்டது. இரண்டாம் வேற்றுமை உருபாக வரும் ஐ செய்வது இதைத்தான்: வினை எதன் மேல் விழுகிறது என்று காட்டுகிறது. இன்னார் என்று தெரிந்த ஒருவரைச் சொல்லும்போது இதை விடவே கூடாது. 'ஆள் தேடுகிறோம்' என்பது சரி, யாரென்று இன்னும் தெரியாது. தெரிந்துவிட்டால் 'அந்த ஆளைத் தேடுகிறோம்' என்றுதான் எழுத வேண்டும். பொருள்களுக்கும் இதே கணக்கு. 'புத்தகம் படித்தாள்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தைப் படித்தாள்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் புத்தகம்.

அடுத்தது, நான் வாரம் தவறாமல் திருத்தும் பிழை: 'கதைச் சொன்னாள்', 'விலைக் கேட்டார்', 'வேலைத் தேடினான்'. சொல்லின் கடைசியில் ஐ ஒலிப்பதால் அதை உருபென்று நினைத்து ச், க், த் என்று ஒற்றுப் போட்டுவிடுகிறார்கள். இங்கே உள்ள ஐ சொல்லோடு பிறந்தது. ஐயம் வந்தால் இன்னோர் ஐ சேர்த்துப் பாருங்கள்: கதையை, விலையை, வேலையை. சேர இடம் இருக்கிறதென்றால் உருபு இன்னும் வரவில்லை. உருபு மறைந்திருந்தால் ஒற்று வேண்டாம்: கதை சொன்னாள். வெளிப்பட்டால் ஒற்று கட்டாயம்: கதையைச் சொன்னாள். (கதைப் புத்தகம் வேறு. அங்கே இரண்டு பெயர்கள் சேர்ந்து தொகையாகியிருக்கின்றன, ஒற்று வரும்.)

எனக்கு மிகவும் பிடித்த ஐ, வினையைப் பெயராக்கும் ஐ. கொடு என்பதோடு சேர்ந்தால் கொடை. தடு, தடை. விடு, விடை. எடு, எடை. தொகு, தொகை. நகு, நகை. பகு என்றால் பிரி. பிரிந்து நின்றால் பகை. இதைக் கண்டுகொண்ட நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவைத்தேன். இன்றும் அதில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். லகர, ளகரக் குழப்பத்துக்கும் இது உதவும். விலையா, விளையா என்று கை தயங்கினால் வேரைத் தேடுங்கள். விற்பதற்கு வேர் வில், ஆகவே விலை. கொல் என்பதிலிருந்து கொலை, நில் என்பதிலிருந்து நிலை.

ஐந்தைக் குறிக்கும் ஐ அடுத்து வரும் எழுத்துக்கு இனமான மெல்லினத்தை அழைத்துக்கொள்ளும். க வந்தால் ஐங்குறுநூறு, ச வந்தால் ஐஞ்சிறுகாப்பியம், த வந்தால் ஐந்திணை, ப வந்தால் ஐம்புலன். ஐநூறு என்று இப்போது பரவலாக அச்சாகிறது. நான் ஐந்நூறு என்றே திருத்துகிறேன்.

பழைய இலக்கியத்தை மேற்கோள் காட்டுபவர்கள் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்' என்று 771ஆம் குறள் தொடங்குகிறது. 'என்னை எதிர்த்து நிற்காதீர்கள்' என்று வீரன் தன்னைப் பற்றிச் சொல்வதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் 'என்முன்' என்றே இருந்திருக்கும். இது என் + ஐ, அதாவது என் தலைவன். 'பகைவர்களே, என் தலைவன் முன் நிற்காதீர்கள். முன்பு அப்படி நின்ற பலர் இன்று நடுகல்லாக நிற்கிறார்கள்' என்று தன் தலைவனை நினைத்துப் பெருமிதம் கொள்கிறான். ஒரே எழுத்தைத் தவறாகப் பிரித்தால் அந்தப் பெருமிதம் வேறு ஆளுக்குப் போய்விடுகிறது. 'சென்றனை' என்பதில் உள்ள ஐ நீ என்பதைக் காட்டும் விகுதி. 'ஐ வியப்பாகும்' என்பது தொல்காப்பியம். பலூனைக் கண்ட குழந்தை 'ஐ!' என்று கூவும்போதெல்லாம் எனக்கு அந்த நூற்பா நினைவுக்கு வருகிறது.

வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஐயை நீட்டாதீர்கள். தனியே நின்றால்தான் அதற்கு முழு இரண்டு மாத்திரை (மாத்திரை என்பது ஒலிக்கும் நேரத்தின் அளவு). வெண்பா எழுதுபவர்கள் 'அன்னையின்' என்பதை அன்/னையின் என்று பிரித்து, னையைக் குறில்போல் எண்ணி, நேர், நிரை என்ற அசைகளாக அலகிடுவது இதனால்தான்.

பழைய நூல்களைத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தலையில் துதிக்கை போன்ற வளைவோடு இருக்கும். அதைக் கண்டு திகைக்க வேண்டாம், இன்றைய வடிவத்திலேயே அடியுங்கள். தமிழக அரசு 1978இல் இந்த நான்கையும் மாற்றியது. ஐயை அய் என எழுதும் யோசனையும் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் இருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஆகவே பொதுச் சொற்களில் ஐ என்றே எழுதுகிறேன். ஆனால் ஒருவர் தம் பெயரை அய்யப்பன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதில் என் பேனா படாது.