கார் ஃப்ரிட்ஜ் வைத்த குளிரில் நிற்கவில்லையா? போர்டு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

4 டிகிரி வைத்தால் 12-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இல்லையென்றால் பால் பாக்கெட் கல்லாக உறைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் "கன்ட்ரோல் போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் போர்டு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வயரிலோ, காற்றோட்டத்திலோ, சின்ன சென்சாரிலோ இருக்கும். கீழே உள்ள வரிசையில் பார்த்தால் செலவில்லாத சோதனைகள் முதலில் முடிந்துவிடும்.

உங்களுடையது கம்ப்ரசர் உள்ள பெட்டிதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கம்ப்ரசர் இல்லாத, எடை குறைந்த பெல்டியர் வகைப் பெட்டி வெளிச் சூட்டைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். காருக்குள் 40 டிகிரி இருந்தால் உள்ளே 20 இருப்பதே பெரிது. அதில் ரிப்பேர் செய்ய ஒன்றும் இல்லை.

தேவையானவை: மல்டிமீட்டர், தனியாக ஒரு தெர்மாமீட்டர், ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், ஒரு டம்ளர் ஐஸ்.

படி 1: உண்மையான குளிரை அளந்து பாருங்கள்

நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு தெர்மாமீட்டரை வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். பிறகு அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஃப்ரிட்ஜின் நடுவில் வைத்து, மூடியைத் திறக்காமல் 8 மணி நேரம் விடுங்கள். டிஸ்பிளே காட்டுவது சென்சார் ஒட்டியிருக்கும் சுவரின் குளிரை. சாப்பாட்டின் குளிரை அல்ல. 4 வைத்து தண்ணீர் 2 முதல் 6-க்குள் இருந்தால் ஃப்ரிட்ஜ் சரிதான். எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால், சில மாடல்களின் மெனுவிலேயே அதைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

படி 2: வீட்டு கரண்டில் ஓட்டிப் பாருங்கள்

கூட வந்த அடாப்டரில் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். வீட்டில் ஒழுங்காகக் குளிர்ந்து காரில் மட்டும் தகராறு என்றால், குற்றவாளி கார் வயரிங். படி 3 போதும். இரண்டிலும் தகராறு என்றால் படி 4-க்குப் போங்கள்.

படி 3: வோல்டேஜ்

கம்ப்ரசர் ஓடும்போது, பேட்டரி முனையிலும் ஃப்ரிட்ஜ் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். கம்ப்ரசர் நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அது பொய்க் கணக்கு. வித்தியாசம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் வயரைச் சந்தேகியுங்கள்.

12 வோல்ட்டில் 60 வாட் ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மி.மீ. வயர் 4 மீட்டர் தூரம் போனால், போக வர 8 மீட்டர். அதிலேயே சுமார் 0.7 வோல்ட் போய்விடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் தளர்ந்த பிடிப்பு இன்னும் கொஞ்சம் தின்னும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா? அங்கேதான் போகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி வற்றிப்போகாமல் ஃப்ரிட்ஜை நிறுத்தும் 'பேட்டரி பாதுகாப்பு' செட்டிங்கை 'ஹை' நிலையில் வைத்தால், பல மாடல்கள் 11.1 வோல்ட்டில் நின்றுவிடும். மறுபடி ஓட 12.4 வேண்டும். இன்ஜின் அணைந்த காரில் அந்த 12.4 பல நேரம் வரவே வராது. விளக்கு எரியும், டிஸ்பிளே எரியும், உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பார்க்கிறவருக்கு தெர்மோஸ்டாட் (குளிரைப் பார்த்து கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) கெட்டதுபோலத்தான் தோன்றும்.

மருந்து: பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுங்கள். 2.5 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ., 4 மீட்டர் வரை 4 சதுர மி.மீ. பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்ரிட்ஜுக்கென்று தனி பேட்டரி இருந்தால் மட்டும் பாதுகாப்பை 'மீடியம்' வையுங்கள். கார் ஸ்டார்ட் ஆகும் அதே பேட்டரியில் 'ஹை' தவிர வேறு வைத்தால் காலையில் காரைத் தள்ள வேண்டியிருக்கலாம்.

படி 4: காற்று

ஃபேன் சுற்றுகிறதா, ஜல்லடைகளில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பிரஷால் துடையுங்கள். காற்று போய்வர நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். டிக்கியில் பைகளுக்கு நடுவே திணித்தால் எந்தக் கம்ப்ரசரும் திணறும்.

படி 5: சென்சார்

உள்சுவரில் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும் பாசிமணி போன்ற பொருள்தான் இது. குளிரக் குளிர இதன் ரெசிஸ்டன்ஸ் (கரண்டைத் தடுக்கும் அளவு) கூடும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் கோளாறு தானே புரியும். வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போகும்; போர்டு "ரொம்பக் குளிர்ந்துவிட்டது" என்று நினைத்து கம்ப்ரசரை நிறுத்தும். ஈரம் புகுந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும். போர்டு "இன்னும் சூடு" என்று ஓட்டிக்கொண்டே இருக்கும், எல்லாம் உறையும். நிறைய மாடல்கள் சென்சார் முழுதாகக் கெட்டால் எரர் கோட் காட்டும். பாதி கெட்டதற்குக் காட்டாது.

பவரைத் துண்டித்து, கனெக்டரைக் கழற்றி, மீட்டரை 200 கிலோ ஓமில் வைத்து அளந்து பாருங்கள். பரவலாக இருப்பது 10 கிலோ ஓம் வகை. அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 30 டிகிரியில் சுமார் 8, ஐஸ் தண்ணீரில் சுமார் 27 முதல் 34 வரை காட்டும். சில மாடல்களில் 5 கிலோ ஓம் வகை. எல்லாம் பாதியாக இருக்கும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால் இணைப்பு கெட்டிருக்கிறது. அதே மதிப்புள்ளதை வாங்கி, அதே இடத்தில், சுவரோடு ஒட்டும்படி வையுங்கள். வேறு இடம் தேடி சுவரில் துளை போடாதீர்கள்: பின்னால் கேஸ் குழாய் ஓடுகிறது.

படி 6: டான்ஃபாஸ் அல்லது செக்காப் கம்பெனியின் பிடி35 (BD35) கம்ப்ரசர் இருந்தால்

தெர்மோஸ்டாட் வயர்கள் கம்ப்ரசரின் கன்ட்ரோலரில் C, T என்ற முனைகளில் வரும். பவரைத் துண்டித்து அந்த வயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்து, பவர் கொடுங்கள். கம்ப்ரசர் ஓடினால் கெட்டது தெர்மோஸ்டாட். ஓடாவிட்டால் எரர் எல்இடி (சின்ன விளக்கு) எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள்: 1 வோல்டேஜ் குறைவு, 2 ஃபேன் அதிக கரண்ட் இழுக்கிறது, 3 மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை, 4 வேகம் போதவில்லை, 5 கன்ட்ரோலர் சூடேறிவிட்டது. 1 என்று வந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரி, கம்ப்ரசரும் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் உள்சுவரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கிறது, குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை என்றால் கேஸ் கசிவு. லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் வாயு. பக்கத்தில் சால்டரிங் அயர்ன்கூட வைக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.