பொலிஸில் முறைப்பாடு செய்யப் போகுமுன்

சங்கிலி அறுக்கப்பட்டதோ, மோட்டார் சைக்கிள் களவு போனதோ, பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டியதோ, எதுவானாலும் பொலிஸ் நிலையத்துக்குப் புறப்படுமுன் ஒரு கொப்பித் தாளை எடுத்து நடந்ததைத் தமிழில் எழுதுங்கள். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருக்கு என்ன நடந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். (திருடன் இன்னும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் தாளும் வேண்டாம், நானும் வேண்டாம், 119ஐ அழையுங்கள்.)

"காலி வீதியில்" என்று எழுதினால் போதாது. எந்தக் குறுக்குத் தெரு முனை, கடற்கரைப் பக்கமா எதிர்ப்பக்கமா, எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் வேண்டும். கைபேசி போனால் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள இலக்கம்) வாங்கிய பெட்டியில் பார்த்து எழுதுங்கள். "மிரட்டினான்" என்று சுருக்காமல், அவன் வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள், தூஷணமானாலும். நம்மவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடும் இடம் இதுதான். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள்.

நிலையத்தில், "சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள்" என்று சொல்லக்கூடும். திரும்பிவிடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. நீங்கள் வாயால் சொல்வதை, சொன்ன மொழியிலேயே பதிய வேண்டும். அதிகாரிக்கு அது முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களுக்கு எழுத முடியாவிட்டால் மட்டுமே, காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். கையிலுள்ள தாள் இங்கேதான் உதவும். "ஐயா, எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்" என்று பணிவாக நீட்டுங்கள். சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தால் குரலில் நடுக்கம் வராது, அவ்வளவுதான்.

ஒப்பமிடும் நேரத்தில் அவசரப்படுத்துவார்கள். பின்னால் ஆட்கள் நிற்பார்கள், தொலைபேசி அடிக்கும். இருந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கு விசாரணைக்கு வர வருடங்கள் ஆகலாம். அன்று எதிரியின் சட்டத்தரணி சாட்சிக் கூண்டில் நிற்கும் உங்களிடம், "கத்தி காட்டினான் என்று இன்று சொல்கிறீர்கள், முதல் முறைப்பாட்டில் ஏன் இல்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன்! உண்மை பேசியவர்கள்தான் அதிகம் திணறினார்கள்; பொய்க்காரனிடம் ஏதாவதொரு பதில் தயாராக இருக்கும்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர், பதவி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை தொலைந்தால் புதியதற்கு விண்ணப்பிக்க முறைப்பாட்டின் பிரதி கட்டாயம் வேண்டும்.

சிறு தகராறுகளை மத்தியஸ்த சபைக்கு அனுப்புவதுண்டு. இரு தரப்பையும் பேச வைத்து இணக்கம் காண முயலும், 1988இல் வந்த சட்டத்தின்படி இயங்கும் சபை அது. அங்கே இருப்பவர்கள் நீதிபதிகள் அல்லர். மனமொப்பாத இணக்கத்துக்குக் கையெழுத்திட உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால் பொறுப்பதிகாரியைப் பாருங்கள். அவரும் கைவிரித்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மொழி காரணமாகத் திருப்பி அனுப்பினாலோ, கைது செய்து அடித்தாலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரே மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே அங்கே கொடுக்கும் கடிதத்தின் பிரதியொன்றில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் படியிறங்காதீர்கள்.