மொறிஸ் மைனர் வாங்கியாச்சா? பெயின்றுக்கு முதல் கிறீஸ் கன்

போன மாதம் மல்லாவியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். மொறிஸ் மைனர் வாங்கிவிட்டாராம். இரண்டு கதவு, 1098 சிசி எஞ்சின், பதினைந்து வருடமாக மாட்டுக் கொட்டிலுக்குள் நின்ற கார். "அண்ணை, முதல்ல என்ன செய்யிறது? பெயின்ற் அடிக்கட்டோ?" என்று கேட்டார்.

"பெயின்ற் கடைசி. கிறீஸ் கன் இருக்கோ?" என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. (மூட்டுகளுக்குள் கிறீஸை அமத்தி ஏற்றும் கைக்கருவிதான் கிறீஸ் கன்.)

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஸ்பனர் பிடித்தே பழக்கமில்லாதவருக்கும் இது விளங்க வேண்டும்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எங்கள் பக்கம் கொட்டில்களில் கிடந்த பழைய கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றில் மைனருக்குத்தான் என் ஓட்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த கார் இது. எடை முக்கால் தொன் அளவுதான். 1956 இலிருந்து 948 சிசி எஞ்சினும், 1962 இலிருந்து 1098 சிசி எஞ்சினும் வந்தன. இரண்டுமே ஏ-சீரிஸ் வகை. மினி காரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். இங்கிலாந்தில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டி எடுக்கும் லோட்டஸ் செவன் என்றொரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அதிலும் சிலவற்றுக்கு இந்த எஞ்சினைப் போட்டார்கள். வளவுக்குள் மர நிழலில் ஒரு ஆள் தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின் என்று சொன்னால் போதும்.

முதல் வேலை: சாமான் சேர்ப்பது

வீட்டில் இருக்கிற மோட்டார் சைக்கிள் ஸ்பனர் செற்றைத் தூக்கிக்கொண்டு காருக்குக் கிட்டப் போகாதீர்கள். அது மி.மீ. கணக்கு, இந்தக் கார் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பனர் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அந்தச் சின்ன இடைவெளி போதும், இறுகிப்போன நட்டின் மூலையெல்லாம் வழித்து உருண்டையாக்கிவிடும். பிறகு உளிதான். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். கூடவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட பீலர் கேஜ் ஒன்று, கிறீஸ் கன் ஒன்று, ஒழுங்கான ஜக் ஒன்று.

அப்புறம் குற்றி. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஸ்ராண்ட் வாங்கக் காசில்லை என்றால் மரக்காலையில் முதிரைக் குற்றி நாலு அறுத்து வாங்குங்கள், ஒரு அடி உயரம், இரண்டு பக்கமும் மட்டமாக. சீமெந்துக் கல் வேண்டாம். பார்க்க உறுதியாக இருக்கும், பாரம் ஒரு பக்கம் சரிந்தால் பிஸ்கற் மாதிரி நொறுங்கும். முன்கதவுக்குக் கீழே கார்க் கொம்பனி கொடுத்த ஜக் துளையையும் உடனே நம்ப வேண்டாம். துரு பிடிக்கும் முதல் இடமே அதுதான். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது.

இரண்டாவது: கிறீஸ்

இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும் ஒரு நிமிர்ந்த இரும்புப் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. அந்தப் பின்னின் மேலேயும் கீழேயும் மரை போட்ட மூட்டு, ட்ரணியன் என்பார்கள். நட்டுக்குள் போல்ற் சுழல்வது மாதிரி, நீங்கள் ஸ்ரியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை சுழலும். காரின் முன்பாரமும் அதன் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது. கிறீஸ் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். இல்லையென்றால் மரை தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் அந்த இரும்புப் பின் மூட்டிலிருந்து கழன்றுவிடும்.

எனக்கு அது நடந்தது. ஒரு மாரி முழுக்க, வெள்ளம் நின்ற ஒழுங்கைகளுக்குள்ளால் ஓடினேன். மழை விடட்டும் கிறீஸ் அடிப்போம் என்று தள்ளிப்போட்டேன். தை மாதம், பரந்தனில் ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தத் திருப்பினேன், நடை வேகம்தான். "டங்" என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடப்பக்க முன்சில்லு, கால் முறிந்த மாடு மாதிரி உள்ளுக்கு மடிந்து கிடக்கிறது. பிழை முழுக்க என்னுடையது. ஏ-9 இல் 70 இல் போகும்போது அது நடந்திருந்தால் இந்தப் பதிவு இருந்திராது.

செய்யும் முறை இதுதான். காரை மட்டமான நிலத்தில் நிறுத்திப் பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை உயர்த்திக் குற்றியில் இருத்துங்கள். சில்லு நிலத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். பாரம் இருக்கும்போது மூட்டின் ஒரு பக்கம் நெருக்கி அடைத்திருக்கும், கிறீஸ் போகாது. தொங்கவிட்டால்தான் தேய்கிற பக்கம் திறக்கும். சில்லுக்குப் பின்னால் மேலே ஒன்று, கீழே ஒன்றாக நிப்பிள் தெரியும், கிறீஸ் ஏற்றும் சின்ன வாய் அது. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு.

நிப்பிளை முதலில் துணியால் துடையுங்கள். இதை விட்டுவிட்டு அடித்தால் கிரவல் தூளையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள், அது கிறீஸ் இல்லை, அரைப்பொடி. பிறகு கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அமத்துங்கள். முதலில் கறுத்த, மண் கலந்த பழைய கிறீஸ் பிதுங்கும். விடாமல் அடியுங்கள். புதுக் கிறீஸ் அதன் சொந்த நிறத்தில் வரும்போது நிறுத்தலாம். பக்கத்தில் யாரையாவது வைத்து ஸ்ரியரிங்கை முழுக்க இடமும் வலமும் திருப்பச் சொல்லி, இன்னொரு இரண்டு அடி. நிப்பிள் எடுக்கவே மறுத்தால் அதைக் கழற்றி மண்ணெண்ணெய்க்குள் போட்டுக் கம்பியால் குத்துங்கள். எடுக்காத நிப்பிளை "சரி, மற்ற மூன்றும் எடுத்ததுதானே" என்று விட்டுவிட வேண்டாம்.

தொங்கும் சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளுக்கும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். பிறகு சில்லுக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்புங்கள். ஆட்டம் தெரிந்தால் மூட்டைக் கழற்றிப் பார்க்கும் வரை கார் வீதிக்குப் போகக்கூடாது.

பழைய கைநூல் கணக்கு 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கிலோமீற்றர். தார் வீதிக்கு அது சரி. ஒட்டுசுட்டான் பக்கம் கிரவலில் ஓடுகிறவர், மழையில் ஓடுகிறவர் மாதம் ஒருமுறை அடியுங்கள். அரை மணித்தியால வேலை.

மூன்றாவது: பிறேக்

இரவில் எங்கள் வீதிகளில் மாடு படுத்திருக்கும். தார் சூடு அதுகளுக்குச் சுகம். உங்கள் முன்லைற்றோ மெழுகுதிரி வெளிச்சம். ஆகவே பிறேக்கில் விளையாட்டு வேண்டாம். இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு குழாய் ஓட்டையானால் நாலும் போகும், மிஞ்சுவது ஹாண்ட் பிறேக் மட்டும். அதனால் அதுவும் வேலை செய்ய வேண்டும்.

பொனற்றைத் திறந்து பிறேக் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. சாரதியின் காலடியில் விரிப்பைத் தூக்கினால் தரையில் ஒரு மூடி. அதற்குக் கீழேதான் பிறேக் எண்ணெயை அமத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர். செருப்பு மண் முழுக்க அதைச் சுற்றித்தான் சேரும். தூரிகையால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு மூடியைத் திறவுங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் டொட் 3 அல்லது டொட் 4 பிறேக் எண்ணெய் மட்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் ஊற்றினால் உள்ளே உள்ள றப்பர் எல்லாம் ஊதிப் பழுதாகும். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பிறேக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்கும்போது மாஸ்டருக்கு ஆகத் தூரமான இடப்பக்கப் பின்சில்லிலிருந்து தொடங்குவது வழக்கம்.

பெடல் ஆழமாகப் போனால் பெரும்பாலும் சரிக்கட்டினால் போதும். சில்லை உயர்த்தி, ட்ரம்மில் உள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். முன்சில்லுக்கு இரண்டு, பின்சில்லுக்கு ஒன்று. சில்லு இறுகி நிற்கும் வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு ஒரு சொடுக்குப் பின்னே எடுத்தால் சரி.

தண்ணி

வன்னிக் கிணற்றுத் தண்ணி எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். "கார் கொதிக்குது" என்று வருகிற மைனர்களில் பாதிக்கு வருத்தம் இதுதான். மாரியில் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருகிற பீலித் தண்ணியைப் பிடித்துக் கானில் வையுங்கள். அல்லது பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணி. துருத் தடுப்புக் கூலண்டும் கலந்தால் இன்னும் நல்லது. சூட்டோடு மூடியைத் திறக்கக்கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருவர் கையைச் சுட்டுக்கொள்கிறார்.

பற்றரி: தலைகீழ்

இன்றைய கார்களில் பற்றரியின் மறைப் பக்கம் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில் இருக்கும். மைனரில் நேர்ப் பக்கம் பொடியில். இது தெரியாமல் புதுப் பாட்டுப்பெட்டியோ போன் சார்ஜரோ பூட்டினால் புகை வரும். பற்றரி இறங்கி இன்னொரு வாகனத்திலிருந்து கரண்ட் எடுப்பதென்றால் நேர் நேரோடும் மறை மறையோடும்தான். ஆனால் இரண்டு வாகனத்தின் பொடியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இதை ஒரு மட்டையில் எழுதிப் பொனற்றுக்குள் ஒட்டுங்கள், உங்களுக்காக இல்லை, உதவிக்கு ஓடிவருகிறவருக்காக.

எஞ்சின்

மூன்று இலக்கம் மனப்பாடம்: பொயின்ற் (பிளக்கின் பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு 0.012. வால்வு அளப்பது எஞ்சின் ஆறியிருக்கும்போது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு முன்னால் ஹாண்டிலைக் கொடுத்துச் சுற்றினால் எஞ்சின் இலேசாகத் திரும்பும். ரேடியேற்றர் பக்கத்திலிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும். ஆறு திறந்தால் மூன்று, ஏழு திறந்தால் இரண்டு. கூட்டினால் ஒன்பது வரும், அவ்வளவுதான் கணக்கு. அளக்கும்போது ஒவ்வொன்றையும் கொப்பியில் குறியுங்கள். எக்சோஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், ஈயமில்லாத பெற்றோலுக்கு வால்வு போய் அமரும் சீற் தேய்ந்து இறங்குகிறது என்று பொருள். அப்போது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீற் போட வேண்டும்.

ஹாண்டிலைச் சுற்றி ஸ்ராட் பண்ணுவதானால் பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கை தானாகக் கழன்றுவிடும். பெருவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போகும்.

திறப்பைத் திருப்பியதும் "டக் டக் டக்" என்று கேட்டு நின்றால் பெற்றோல் பம் நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஸ்பனரின் பிடியால் அதன்மேல் மெதுவாகத் தட்டுங்கள். எழும்பிவிட்டால் உள்ளே பொயின்ற் கரி பிடித்திருக்கிறது, வீடு போய்த் துப்புரவாக்குங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடுமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓடியது உண்மை. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங் தேயும். வேறு வழியில்லாமல் செய்தது அது. இப்போது வழி இருக்கிறது.

முதல் ஓட்டம்

நேராக யாழ்ப்பாணத்துக்கு விட வேண்டாம். வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றர், நான் என்றால் இரணைமடுக் குளக்கட்டு வரை. கிளம்பும் முன் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். எலி வயரைத் தின்ன வரும், எலியைத் தின்னச் சாரை வரும், இரண்டையும் நான் உள்ளே கண்டிருக்கிறேன். போய் நிறுத்தியதும் நாலு சில்லின் நடுப்பகுதியிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பிறேக்கை இறுக்கிவிட்டீர்கள், ஒரு சொடுக்கு இளக்குங்கள். காருக்குக் கீழே குனிந்து புதுச் சொட்டு ஏதும் விழுகிறதா என்றும் பாருங்கள். திரும்பி வந்து சில்லு நட்டுகளை இன்னொருமுறை இறுக்குங்கள். கிரவல் வீதி எதையும் இளக்கும்.

மல்லாவித் தம்பி நேற்று மறுபடி எடுத்தார். மூன்று நிப்பிள் கிறீஸ் எடுத்ததாம், வலப்பக்கக் கீழ் நிப்பிள் மட்டும் மறுத்ததாம். கழற்றிக் கம்பியால் குத்தியிருக்கிறார். உள்ளே அடைத்துக் கிடந்தது முந்தைய சொந்தக்காரர் அடித்த பெயின்ற்.